குவெங்காவின் தோர்க்காக்களும் நிறம் மாறும் ஏரிகளும்: மவுண்டன் பைக்கில் ஒரு நாள், முழுமையான வழிகாட்டி

ஏரிகள் இருக்கும் காட்டுக்குத்தான் சைக்கிளில் போகப் போகிறீர்கள். ஆனாலும் முதலில் கவலைப்பட வேண்டியது குடிநீரைப் பற்றி. ஸ்பெயினின் குவெங்கா மாகாணத்தில், லோஸ் பலன்காரெஸ் பைன் காட்டிலிருந்து கன்யாதா தெல் ஓயோ கிராமத்து ஏரிகள் வரை உள்ள நிலத்தில் மழைக்குக் குறைவில்லை, குளிர்காலத்தில் பனியும் விழும். மேலே மட்டும் எதுவும் தங்காது. அத்தனையையும் சுண்ணாம்புப் பாறை உறிஞ்சிக்கொள்கிறது. பயணத்தின் அழகு, ஆபத்து, பையின் எடை எல்லாமே இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடுகின்றன. அதனால் சைக்கிளைப் பற்றிப் பேசுவதற்கு முன் பாறையைப் பற்றிக் கொஞ்சம்.

மண்ணுக்குக் கீழே நடந்தது

மழைத்துளி காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறை இடுக்குகளில் இறங்கி, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே போகிறது. காலப்போக்கில் உள்ளே குகை போன்ற வெற்றிடம் உண்டாகிறது. கூரை தாங்க முடியாத அளவுக்கு மெலிந்ததும் ஒரு நாள் அப்படியே உள்ளே விழுகிறது. மேலே மிஞ்சுவது, செங்குத்தான சுவர் கொண்ட வட்டமான பெரிய பள்ளம். அந்த ஊர்க்காரர்கள் அதைத் தோர்க்கா என்கிறார்கள். பலன்காரெஸ் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட தோர்க்காக்கள் உண்டு. பள்ளத்தின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே நின்றுவிட்டால் அது உலர்ந்த தோர்க்கா. நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டால் ஏரி. கன்யாதா தெல் ஓயோவில் இருப்பவை அந்த இரண்டாவது வகை. அவை மொத்தம் ஏழு.

உலர்ந்த தோர்க்காக்களைப் பார்த்துவிட்டு ஏரிகளுக்கு இறங்கினால், ஒரே கதையின் இரண்டு முடிவுகளையும் ஒரே நாளில் பார்த்தது போல இருக்கும். இந்த வழிகாட்டியில் பாதையை அந்த வரிசையில்தான் அமைத்திருக்கிறேன்.

இரண்டு இடங்களும் காஸ்திய்யா-லா மான்ச்சா மாநில அரசின் பாதுகாப்பில் இருக்கும் இயற்கைச் சின்னங்கள். ‘பலன்காரெஸ் – தியெர்ரா முவெர்த்தா’ 2001-இலும், கன்யாதா தெல் ஓயோ ஏரிகள் 2007-இலும் அறிவிக்கப்பட்டன. முதலாவது மட்டுமே சுமார் 18,000 ஹெக்டேர். நினைத்த இடத்தில் தடம் போட்டு ஓட்டுகிற பூங்கா அல்ல அது.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

ஏரிகள் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பலன்காரெஸ் 1,200 மீட்டருக்கும் மேலே. மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர் பின்பாதி, அக்டோபர் ஆகியவைதான் சைக்கிளுக்கு ஏற்ற காலம். குளிர்காலத்தில் காலை வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். நிழலான தடங்களில் பனிக்கட்டி நண்பகல் வரை உருகாமல் கிடக்கும்.

கோடையைப் பற்றி எனக்கே இரண்டு மனசு. வெயில் 30 டிகிரியைத் தாண்டும், பைன் காட்டில் தீ அபாயமும் அதிகம். ஆனால் ஏழு ஏரிகளில் ஒன்றான ஹிதானா பால் போல வெளுப்பது கோடையில்தான், பெரும்பாலும் ஜூலைக் கடைசியை ஒட்டி, அதுவும் சில நாட்களுக்கு மட்டும். தேதி குறித்து வர முடியாது. அதற்காகவே வருபவர்கள் விடியற்காலையில் கிளம்பி, வெயில் உச்சிக்கு வரும் முன் ஏற்றத்தை முடித்துவிட வேண்டும்.

இலையுதிர் காலத்தில் இரண்டு விஷயங்கள் குறுக்கே வரும். ஒன்று, காளான் பறிப்பவர்கள். நிஸ்கலோ என்ற ஆரஞ்சு நிறக் காளானுக்காகக் கூடையோடு காட்டுக்குள் கூட்டமாக வருவார்கள், தடங்களில் கார்களும் நிற்கும். வளைவுகளில் வேகத்தைக் குறைத்தால் போதும். இன்னொன்று கொஞ்சம் தீவிரமானது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை காட்டுப்பன்றி, மான் வேட்டைக் காலம். தடத்தின் வாயிலில் ‘பத்தீதா’ அல்லது ‘மொந்தெரியா’ என்று எழுதிய தற்காலிகப் பலகை இருந்தால் உள்ளே துப்பாக்கிகளோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். திரும்பிவிடுங்கள், வேறு பேச்சே வேண்டாம். வேட்டை பெரும்பாலும் வார இறுதியில் நடக்கும் என்பதால் வார நாளில் போவது நல்லது.

இரண்டாம் படி: போய்ச் சேர்வது

மாட்ரிட்டிலிருந்து குவெங்காவுக்கு ஆவே அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் அந்த ரயில் நிற்கும் ஃபெர்னாந்தோ சோபெல் நிலையம் ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது. அந்த ரயிலில் முழு சைக்கிளை ஏற்ற விட மாட்டார்கள். சக்கரங்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, பைக்குள் போட்டால்தான் ஏற்றலாம். குவெங்காவையும் வலென்சியாவையும் இணைத்த பழைய ரயில் பாதை இந்தப் பக்கமாகத்தான் போனது. அது 2022-இல் மூடப்பட்டுவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய பயணக் குறிப்புகளை நம்பி ‘கன்யாதா தெல் ஓயோ ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம்’ என்று திட்டம் போடாதீர்கள்.

நடைமுறையில் கார்தான் வசதி. குவெங்காவிலிருந்து தெருவேல் நோக்கிப் போகும் என்-420 நெடுஞ்சாலையில் வந்து, பலகை பார்த்துத் திரும்பினால் கன்யாதா தெல் ஓயோ. சாலை வழியாகச் சுமார் 35 கி.மீ. நல்ல கால்பலம் உள்ளவர்கள் குவெங்காவிலிருந்தே மிதித்து வரலாம்தான். ஆனால் நெடுஞ்சாலையில் லாரிகளோடு போட்டி போட்டுக் காலைச் சோர்வாக்கிக்கொண்டு காட்டுக்குள் நுழைவதில் எனக்கு விருப்பமில்லை.

ஒருநாள் முன்னதாக வந்து குவெங்காவில் தங்கினால் ஊரையும் பார்த்துவிடலாம். ஹூகர், உவேக்கர் என்ற இரண்டு ஆறுகள் சுண்ணாம்புப் பாறையை அறுத்த பள்ளத்தாக்குகளுக்கு நடுவே நிற்கும் அந்தப் பழைய நகரம் 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பாறை விளிம்பில் தொங்கும் வீடுகள் பிரபலம். மறுநாள் காட்டில் பார்க்கப்போகிற பாறையின் உறவுக்காரப் பாறைதான் அதுவும்.

மூன்றாம் படி: சைக்கிளைத் தயார் செய்வது

முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, 29 அங்குலச் சக்கர மவுண்டன் பைக் தாராளமாகப் போதும். பாதையில் பெரும்பகுதி அகலமான காட்டுத் தடம். குதித்து இறங்க வேண்டிய பாறைப் படிகள் அதிகம் இல்லை. பின்பக்க சஸ்பென்ஷன் இருந்தால் உடம்புக்குச் சுகம், அவ்வளவுதான்.

கவனம் வைக்க வேண்டியது டயரில். சுண்ணாம்புக் கற்கள் உடைந்தால் விளிம்பு கத்தி போல இருக்கும். டயரின் பக்கவாட்டை அவைதான் கிழிக்கின்றன. டியூப்லெஸ் டயர், உள்ளே சமீபத்தில் நிரப்பிய சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்), 2.3 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது, எழுபத்தைந்து கிலோ எடை உள்ளவருக்கு காற்றழுத்தம் முன்னால் 1.6 பார், பின்னால் 1.8 பார் என்று தொடங்கிப் பார்க்கலாம். டியூப் போட்ட டயர் என்றால் இரண்டிலும் கொஞ்சம் கூட்டுங்கள். இல்லாவிட்டால் கல்லில் இடித்து டியூப் இரண்டு ஓட்டையோடு போய்விடும்.

டியூப்லெஸ் ஆனாலும் ஒரு டியூப் கூடவே இருக்கட்டும். நீளமாகக் கிழிந்த டயரைச் சீலன்ட் மூடாது. அந்த நேரத்தில் கிழிசலின் உட்பக்கம் பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து, மேலே டியூபைப் போட்டுக் காற்றடித்தால் ஊர் வந்து சேரலாம். மற்றபடி பம்ப், செயின் கட்டர், செயினை இணைக்கும் இணைப்பு, பின் கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர், ஆலன் கீ செட் வேண்டும். பிரேக் பேடுகளை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். வழியில் சைக்கிள் கடை எதுவும் கிடையாது.

நகரத்துக்கு வெளியே ஹெல்மெட் ஸ்பெயினில் சட்டப்படி கட்டாயம். முன்னும் பின்னும் விளக்கு இருக்கட்டும். கடைசிப் பகுதி தார்ச்சாலை என்பதால் நேரம் தாழ்ந்துவிட்டால் உதவும்.

நான்காம் படி: தண்ணீர்

மறுபடியும் இதற்கே வருகிறேன், ஏனென்றால் பலரும் தவறுவது இங்கேதான். தலைக்கு மூன்று லிட்டர், கோடையில் நான்கு. முதுகுப்பை நீர்ப்பையில் இரண்டு லிட்டர், மீதி சைக்கிள் பாட்டில்களில். பாட்டிலில் ஒன்றில் உப்புச்சத்துத் தூள் கலந்துகொள்ளுங்கள். மேட்டுநிலத்தில் ஓடை இருக்கும், ஊற்று இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வரைபடத்தில் ஊற்றுக்குறி இருந்தாலும் கோடையில் அது வறண்டிருக்க வாய்ப்பு அதிகம். கன்யாதா தெல் ஓயோவில் கிளம்பும்போதே எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள். ஏரி நீர் குடிப்பதற்கானது அல்ல.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்தாறு மணி நேரத்துக்குத் தாங்குகிற, அடுப்பு தேவைப்படாத எதுவும் சரி. காட்டில் நெருப்பு மூட்டும் யோசனையே வேண்டாம். 2005 ஜூலையில் இதே மாநிலத்தின் குவாதலஹாரா பகுதியில் ஒரு பார்பெக்யூவிலிருந்து கிளம்பிய தீயை அணைக்கப் போன 11 பேர் இறந்துபோனார்கள்.

ஐந்தாம் படி: வழியை வரைந்துகொள்வது

இந்தக் காட்டில் தடங்களுக்குப் பஞ்சமில்லை. மரம் வெட்டுவோர் தடம், வேட்டைத் தடம், பழைய ஆட்டுமந்தைப் பாதை என்று எல்லாம் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகும். பைன் மரங்கள் எல்லாம் ஒரே மாதிரி, நிலமும் தட்டை. திசை காட்ட ஒரு மலை உச்சி கூடக் கண்ணில் படாது. ஸ்பெயின் தேசியப் புவியியல் நிறுவனத்தின் 1:25,000 வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை போனில் இறக்கி, பாதையை முதல் நாளே வரைந்து, ஜிபிஎஸ்ஸிலும் ஏற்றுங்கள். காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால் இணையம் இல்லாமல் திறக்கிறதா என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்.

ஊரிலிருந்து மேலேறி, தோர்க்காக்களைச் சுற்றி, ஏரி வழியாகத் திரும்பும் சுற்றுக்கு நாற்பது கிலோமீட்டர் போல மனதில் வைத்துக்கொள்ளலாம். எந்தத் தடத்தை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து கூடும், குறையும். தூரத்தைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று எண்ண வேண்டாம். இது நின்று நின்று பார்க்கிற வழி.

வழிக்குறிகளில், வெள்ளை-சிவப்புக் கோடு நெடுந்தூரப் பாதை, வெள்ளை-மஞ்சள் குறுந்தூரப் பாதை, வெள்ளை-பச்சை உள்ளூர்ப் பாதை. மூன்றும் நடப்பவர்களுக்காகப் போட்டவை. சைக்கிள் அனுமதி இல்லை என்ற பலகை எங்கே இருந்தாலும் இறங்கித் தள்ளுங்கள்.

ஆறாம் படி: காலையில் ஏற்றம்

பலர் காரைத் தோர்க்காக்களுக்கு அருகே நிறுத்திவிட்டு, ஜாலியாக ஏரிக்கு இறங்கி, பிறகு மதிய வெயிலில் மூச்சு வாங்க ஏறி வருகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். கன்யாதா தெல் ஓயோவில் தொடங்கினால் தண்ணீர் நிரப்ப ஊர் இருக்கிறது, ஏற்றம் குளிர்ந்த காலையில் முடிந்துவிடும், வெயில் ஏறும் நேரத்தில் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். இன்னொரு லாபமும் உண்டு. ஏரிகளின் நிறம் சூரியன் உயரத்தில் இருக்கும்போதுதான் முழுசாகத் தெரியும். காலைச் சாய்வொளியில் போனால் எதிர்க்கரைப் பைன் மரங்களின் நிழல்தான் நீரில் தெரியும்.

கிளம்பும்போது ஊருக்கு மேலே புவென் சுசேசோ கோட்டை தெரியும். ஏற்றம் கொடுமையானது அல்ல. ஆனால் உதிரிக் கற்கள் மேல் ஏறுவதால் பின்சக்கரம் வழுக்கும். எழுந்து நின்று மிதிக்காதீர்கள். சீட்டின் முனைக்கு நகர்ந்து உட்கார்ந்து, மார்பைத் தாழ்த்தி, சின்ன கியரில் சீராக மிதித்தால் பிடிப்பு கிடைக்கும்.

ஏழாம் படி: தோர்க்காக்களின் நடுவே

முதல் தோர்க்காவைப் பார்ப்பது எப்போதும் திடுக்கென்றுதான் இருக்கும். தட்டையான காடு, பேச்சுச் சத்தம், டயரின் கரகரப்பு, சட்டென்று பத்தடி முன்னால் நிலம் இல்லை. எச்சரிக்கும் சரிவோ மேடோ எதுவும் கிடையாது. இந்தப் பயணத்தின் உண்மையான ஆபத்து இதுதான். பிரபலமான தோர்க்காக்களுக்கு வேலி, பார்வை மேடை எல்லாம் உண்டு. காட்டுக்குள் ஒதுங்கி இருப்பவற்றுக்கு எப்போதும் இருக்கும் என்று நம்பக்கூடாது. ஆகவே தோர்க்கா பகுதியில் தடத்தை விட்டு விலகி மரங்களுக்கு நடுவே ஓட்டவே கூடாது, குறுக்குவழி என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். விளிம்பைப் பார்க்க வேண்டுமானால் சைக்கிளைத் தடத்திலேயே சாய்த்துவிட்டு நடந்து போங்கள். கீழே அரிக்கப்பட்டு மேலே மெல்லிய விளிம்பு மட்டும் நீண்டிருக்கும் இடங்கள் உண்டு. மேலிருந்து பார்த்தால் அது தெரியாது.

தோர்க்கா தெல் லோபோவில் தொடங்குவது எளிது, வண்டி நிறுத்துமிடமும் தகவல் பலகையும் அங்கேதான். அங்கிருந்து நடைபாதைகள் மற்ற தோர்க்காக்களுக்குப் பிரிகின்றன. விளிம்பில் நின்று அடிப்பகுதியைக் கவனியுங்கள். மேலே காய்ந்த பைன் ஊசி, வெடித்த மண். கீழே நல்ல பச்சை. குளிர்ந்த காற்று கனம் என்பதால் பள்ளத்தின் அடியில் தங்கிவிடுகிறது, வெயிலும் சுவரைத் தாண்டி அதிக நேரம் உள்ளே விழாது. அதனால் ஈரமும் நிழலும் விரும்பும் செடிகள் அங்கே பிழைத்துக்கொள்கின்றன. சுவர்களில் படுத்த கோடுகளாகத் தெரியும் அடுக்குகள், டைனசார்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் படிந்த சுண்ணாம்பும், அதன் உறவுக்காரப் பாறையான டோலமைட்டும். இதே மலைத்தொடரில் இருக்கும் லாஸ் ஓயாஸ் என்ற இடத்தில்தான், முதுகில் திமிலோடு கூடிய கொன்காவெனாத்தோர் டைனசாரின் எலும்புக்கூடு கிடைத்தது. 2010-இல் அதைப் பற்றிய ஆய்வு வெளியானது.

தலைக்கு மேலே பெரிய இறக்கைகள் வட்டமிட்டால் அவை கிரிஃபான் என்ற பிணந்தின்னிக் கழுகுகள். குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் பைன் கிளைகளில் வெள்ளைப் பஞ்சு மூட்டை போலக் கூடுகள் தெரியும். அவற்றிலிருந்து கம்பளிப்புழுக்கள் வரிசையாக இறங்கித் தடத்தைக் கடக்கும். வேடிக்கையாக இருக்கும், ஆனால் தொடாதீர்கள். அந்த முடி தோலிலும் கண்ணிலும் பட்டால் கடுமையாக எரியும். அந்த மரத்தின் கீழ் உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டாம்.

எட்டாம் படி: இறக்கம்

இறக்கத்தில் பொடிக்கல் மணிமணியாக உருளும். அப்படிப்பட்ட வளைவுக்குள் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் நழுவிக்கொண்டு போகும். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, வளைவுக்குள் நுழையுங்கள். வெளிப்பக்கப் பெடலைக் கீழே அழுத்தி, பார்வையை வளைவு முடியும் இடத்தில் வைத்தால் சைக்கிள் தானாக வரும். மழை பெய்த மறுநாள் என்றால் இன்னொரு தொல்லை. சுண்ணாம்புக் களிமண் டயரில் அப்பி, ஃபிரேமுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துவிடும். குச்சியால் சுரண்டிச் சுரண்டித்தான் நகர முடியும். நல்ல மழை பெய்திருந்தால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். ஈரத் தடத்தில் ஓட்டி வாய்க்கால் போல வடு போட்டால், அடுத்த மழை அந்த வடுவைப் பிடித்துக்கொண்டே தடத்தை அரிக்கும்.

ஒன்பதாம் படி: ஏரிகள்

ஏழு ஏரிகளில் மூன்றுக்குத்தான் தாராளமாகப் போகலாம்: ஹிதானா (லா க்ரூஸ் என்றும் சொல்வார்கள்), தேஹோ, லகுனில்யோ தெல் தேஹோ. நெக்ரா, பார்ரா, யானா, தொர்துகாஸ் ஆகிய நான்கும் தனியார் எஸ்டேட்டுக்குள் இருக்கின்றன. அந்த வேலியைத் தாண்டாதீர்கள்.

நிறுத்துமிடத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடப்பது உத்தமம். கரையோரப் பாதைகள் குறுகலானவை, சரிவு நேரே நீரில் முடிகிறது. சைக்கிள் சக்கரம் மண்ணைக் கீழே தள்ளினால் அது போய்ச் சேர்வதும் ஏரிக்குத்தான். நீந்துவது தடை. அதிகாரிகள் காரணமில்லாமல் தடுக்கவில்லை. உடம்பில் பூசிய சன்ஸ்கிரீன், கலக்கிவிட்ட அடிமண் எதுவும் இந்தச் சிறிய, வெளியேற்றமில்லாத நீர்நிலைகளில் எளிதில் வெளியே போகாது.

ஹிதானாவில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டம், சுமார் 120 மீட்டர் விட்டம், இருபது மீட்டருக்கும் மேல் ஆழம். காற்று இறங்காத ஆழ்ந்த கிண்ணம் என்பதால் அடிநீர் மேல்நீரோடு கலப்பதே இல்லை. கீழே ஆக்சிஜன் கிடையாது, இரும்பு ஏராளமாகக் கரைந்திருக்கிறது. பூமியில் ஆக்சிஜன் பெருகுவதற்கு முந்தைய கடல்கள் எப்படி இருந்திருக்கும் என்று அறிய விஞ்ஞானிகள் இந்த ஏரிக்கு வருகிறார்கள். கோடையில் மேல்நீர் சூடாகி, பாசிகளும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும்போது, கரைந்திருந்த சுண்ணாம்பு நுண்ணிய துகள்களாகப் பிரிகிறது. அதுதான் அந்தப் பால் வெள்ளை. மழை பலன்காரெஸ் பாறையைக் கரைக்கிறது அல்லவா, இங்கே அந்த வேலை திரும்பி நடக்கிறது.

தேஹோ இன்னும் பெரியது, இன்னும் ஆழமானது. நீலம் அடர்த்தி. பக்கத்திலேயே இருக்கும் லகுனில்யோ சின்னது, பச்சை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில நிமிட நடை, நிறம் மட்டும் இவ்வளவு வேறு. ஆழமும் பாசியும் நுண்ணுயிர்களும் ஒவ்வொன்றிலும் வேறு என்பதுதான் காரணம்.

ஏதாவது ஆகிவிட்டால்

அவசர எண் 112. பேசுவதற்கு முன் ஜிபிஎஸ் ஆயத்தொலைகளைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘பைன் காட்டுக்குள்’ என்று சொன்னால் தேடுகிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. சிக்னல் இல்லையென்றால் தடத்திலேயே மேடான இடத்துக்கு நடந்து பாருங்கள். தனியாகப் போகிறவர்கள் பாதையையும் திரும்பும் நேரத்தையும் யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். யாராவது தோர்க்காவுக்குள் விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்க முயலாதீர்கள். கயிறும் பயிற்சியும் இல்லாமல் அந்தச் சுவரில் இரண்டாவது ஆளும் மாட்டிக்கொள்வார். புல்வெளியில் உட்கார்ந்திருந்தால் அன்று இரவு முழங்காலின் பின்பக்கம், இடுப்பு எல்லாம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஏரியிலிருந்து கிராமத்துக்கு மிஞ்சுவது சில கிலோமீட்டர் தார்ச்சாலை. போக்குவரத்து குறைவு, ஆனால் வருகிற கார் வேகமாக வரும், ஓரத்தில் ஒதுங்க இடமும் அதிகமில்லை. வரிசையாக வந்து, பின்விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். காரில் ஏற்றும் முன் டயரையும் பெடலையும் தட்டி மண்ணை அங்கேயே உதிர்த்துவிடுங்கள். அடுத்த காட்டுக்கு விதையும் பூஞ்சையும் போவது இப்படித்தான்.